வெளிச்சம் எந்தப் பக்கம்? படம் எடுப்பவர்களின் கேள்விகளும் என் பதில்களும்

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ஸ்டூடியோ வைத்திருப்பவன் நான். ஃபிலிம் காலத்தில் தொடங்கி இன்றுவரை கல்யாணம், காதுகுத்து, பாஸ்போர்ட் சைஸ் என்று வண்டி ஓடுகிறது. "படம் எடுப்பதில் என்ன சந்தேகம் இருந்தாலும் கேளுங்க" என்று போன வாரம் வாய் தவறிச் சொல்லிவிட்டேன், கேள்விகள் வந்து குவிந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றை ஒன்றாக்கியிருக்கிறேன். எந்த எடிட்டிங் ஆப் நல்லது என்று கேட்டவர்களுக்கு மட்டும் பதில் இல்லை, மன்னிக்கவும். அதை என் பையனிடம்தான் நானே கேட்டுக்கொள்கிறேன்.

லாஸ்பேட்டையிலிருந்து கல்லூரி மாணவர்: அண்ணா, பாண்டி பீச்சுல சூரிய உதயம் பார்க்க ஃபிரெண்ட்ஸோட போனோம். கடல் சூப்பரா வந்திருக்கு, எங்க மூஞ்சி எல்லாம் கரி. போன்ல ஏதாவது செட்டிங் மாத்தணுமா?

செட்டிங்கில் கோளாறு இல்லை தம்பி, நின்ற நேரத்தில்தான். நம் கரை கிழக்குப் பார்த்த கரை. காலையில் கடலைப் பின்னால் வைத்து நின்றால் சூரியன் உங்கள் முதுகில் அடிக்கிறது, முகத்தில் நிழல். கேமரா மொத்தக் காட்சியையும் ஒரு நடுத்தரச் சாம்பல் வெளிச்சத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். வானம் பளீரென்று இருப்பதால் எல்லாவற்றையும் இருட்டாக்கும். அதில் உங்கள் முகம் பலி.

காலையில்தான் வேண்டும் என்றால் மூன்று வழி. சூரியன் வருவதற்குக் கால் மணி நேரம் முன்பே எடுத்து முடித்துவிடுங்கள், அப்போது வானம் முழுக்க ஒரே சீரான மெல்லிய வெளிச்சம். மே கடைசியில் 5.45 வாக்கில் உதயம், ஜனவரி கடைசியில் 6.35 வாக்கில். அதைப் பார்த்து அலாரம் வையுங்கள். இல்லை, ஃப்ளாஷைப் போடுங்கள். பகலில் ஃப்ளாஷா என்று சிரிப்பார்கள், சிரிக்கட்டும். அதுவும் இல்லையா, முகமே வேண்டாம் என்று முடிவு செய்து நிழலுருவமாக எடுங்கள். காந்தி சிலையையும் அதைச் சுற்றியுள்ள கல் தூண்களையும் சாலையிலிருந்து காலையில் பார்த்தால் அப்படித்தான் நிற்கும், அழகாக இருக்கும்.

கடலும் நீலமாக வேண்டும், முகமும் தெரிய வேண்டும் என்றால் சாயங்காலம் நாலரை, ஐந்து மணிக்கு வாருங்கள். சூரியன் ஊர்ப் பக்கம் இருக்கும், அதே இடத்தில் நின்றால் முகத்தில் வெளிச்சம் விழும். அப்புறம் ஒரு தொழில் ரகசியம். சூரியன் கட்டடங்களுக்குப் பின்னால் இறங்கியதும் கடற்கரைச் சாலை முழுவதும் நிழலாகிவிடும். அப்போது ஆளைக் கடலைப் பார்த்து நிற்கவைத்து, நீங்கள் கடலுக்கு முதுகைக் காட்டி நின்று எடுத்துப் பாருங்கள். எதிரே கடல் மேல் அத்தனை பெரிய வானம் திறந்து கிடக்கிறது. ஸ்டூடியோவில் ஆயிரக்கணக்கில் செலவு செய்து வாங்கிவைத்த சாஃப்ட்பாக்ஸ், அதாவது வெளிச்சத்தை மென்மையாக்கும் விளக்குப் பெட்டி, தரும் வெளிச்சத்தை அது சும்மா தருகிறது. எல்லாரும் கடலையே எடுத்துக்கொண்டிருக்கும்போது நான் அங்கே முகங்களை எடுப்பது அதனால்தான்.

முதலியார்பேட்டையிலிருந்து ஒரு சகோதரி: பாண்டி ஒயிட் டவுன் மஞ்சள் சுவர் முன்னால் நின்று எடுத்தால் மஞ்சள் காமாலை வந்த மாதிரி இருக்கிறேன். இன்ஸ்டாவில் மற்றவர்களுக்கு மட்டும் எப்படி நன்றாக வருகிறது?

சுவரில் ஒட்டி நிற்கிறீர்கள். வெயில் பட்ட மஞ்சள் சுவர் தன் நிறத்தைப் பக்கத்தில் நிற்பவர் மீது வாரி இறைக்கும். எதிர்ச்சுவர் மஞ்சளாக இருந்து அதில் வெயில் அடித்தாலும் இதே கதைதான். சுவரை விட்டு ஆறேழு அடி முன்னால் வாருங்கள், வானம் தெரியும் பக்கமாக முகத்தைத் திருப்புங்கள். ஒயிட் பேலன்ஸை, அதாவது படத்தின் நிறத்தைச் சரிக்கட்டும் செட்டிங்கை, ஆட்டோவில் விடாமல் வெயில் அல்லது மேகம் குறியில் வையுங்கள். ஆட்டோவில் விட்டால் படம் முழுக்க மஞ்சளைப் பார்த்துவிட்டு அதை ஈடுகட்ட நீலத்தைச் சேர்க்கும். கடைசியில் சுவரும் வெளிறும், ஆளும் வெளிறும்.

நேரமும் முக்கியம். துய்மா வீதி, ரொமேன் ரோலன் வீதி எல்லாம் வடக்கு தெற்காக ஓடுபவை. காலையில் மேற்கு வரிசை வீடுகளின் முகப்பில் வெயில், மதியத்துக்கு மேல் கிழக்கு வரிசையில். வெயில் படாத வரிசையின் முன்னால் ஆளை நிறுத்தினால் கண்ணைச் சுருக்காமல் நிற்பார்கள். குறுக்கு வீதிகள் கடலை நோக்கிப் போவதால் விடிந்த கொஞ்ச நேரத்துக்கு வெளிச்சம் தெருவின் நீளத்துக்கும் படுத்துக்கொண்டு வரும். சைக்கிளில் போகிறவரின் நிழல் அப்போது நாலு ஆள் நீளம் இருக்கும்.

உச்சி வெயிலில் மட்டும் போகாதீர்கள். ஏப்ரல் 21 வாக்கிலும் ஆகஸ்ட் 21 வாக்கிலும் நண்பகல் சூரியன் புதுச்சேரிக்கு நேர் தலைக்கு மேல் வருகிறது, நிமிர்ந்து நிற்கும் கம்பத்துக்கு நிழலே விழாது. அந்த வெளிச்சத்தில் எடுத்தால் கண் இருக்கும் இடத்தில் இரண்டு குழிதான் தெரியும். மற்ற மாதங்களிலும் மதிய வெயில் முகத்துக்கு அவ்வளவு இதமாக இராது.

இன்னொன்று, அவை மனிதர்கள் குடியிருக்கும் வீடுகள். அடுத்தவர் வாசற்படியில் உட்கார்ந்து போஸ் கொடுத்தால் திட்டு விழத்தான் செய்யும்.

நெல்லிக்குப்பத்திலிருந்து: 50 ஆயிரத்துக்குள் எந்த கேமரா வாங்கலாம் சார்?

பழைய கேமரா ஒன்று, புது 50 எம்எம் லென்ஸ் ஒன்று. பாடியில் மிச்சம் பிடித்து லென்ஸில் போடுங்கள். ஜூம் இல்லாததால் காலால் நடந்து கோணம் தேடுவீர்கள், அதுதான் பயிற்சி. பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஹென்றி கார்த்தியே பிரெஸ்ஸோன் பெரும்பாலும் 50 எம்எம் லென்ஸை வைத்தே காலம் தள்ளியவர். அவர் 1950 ஏப்ரலில் புதுச்சேரிக்கு வந்து ஸ்ரீ அரவிந்தரைப் படம் எடுத்தார். அதே ஆண்டு டிசம்பரில் அரவிந்தர் காலமானார். நம் ஊருக்கு வந்த அந்த மனிதர் மூட்டை மூட்டையாக லென்ஸ் சுமக்கவில்லை என்பதை மட்டும் நினைத்துக்கொள்ளுங்கள்.

பண்ருட்டியிலிருந்து: அக்கா கல்யாணத்துல நானும் கேமரா எடுத்துட்டுப் போனேன். தாலி கட்டும்போது எடுத்த எல்லாமே ஷேக். சில படத்துல குறுக்கே கறுப்புப் பட்டை வேற. கேமரா ரிப்பேரா?

ரிப்பேர் இல்லை. மண்டபத்து எல்இடி விளக்குகள் கண்ணுக்குத் தெரியாமல் அணைந்து எரிகின்றன. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் விளக்கு நொடிக்கு 100 தடவை துடிக்கும். ஷட்டர் என்பது கேமரா வெளிச்சத்தை உள்ளே விடும் நேரம், அது வேகமாக இருந்தால் அந்தத் துடிப்பு பட்டையாக விழும். ஷட்டரை 1/100 நொடிக்கு வைத்தால் பெரும்பாலும் போய்விடும்.

ஷேக்குக்குக் காரணம் ஐஎஸ்ஓவை, அதாவது கேமரா வெளிச்சத்தை உணரும் அளவை, ஏற்றப் பயந்தது. 400இல் வைத்திருப்பீர்கள், ஷட்டர் 1/15க்கு இறங்கியிருக்கும். கையில் பிடித்தால் ஆடாமல் என்ன செய்யும்? 3200 வரை தயங்காமல் ஏற்றுங்கள். புள்ளி புள்ளியாக இருந்தாலும் அக்கா முகம் தெரியும், ஆடிய படத்தை எந்தச் சாமியாலும் சரிசெய்ய முடியாது. லென்ஸ் வாயை முடிந்தவரை திறந்து வையுங்கள், எஃப் 1.8 இருந்தால் 2.2 வரை போதும் (எஃப் எண் குறையக் குறைய வாய் பெரிது). பட்டு வேட்டியும் வெள்ளைச் சட்டையும் படத்தை நிறைத்தால் கேமரா ஏமாந்து இருட்டாக்கும், அப்போது எக்ஸ்போஷரை அரையிலிருந்து ஒரு ஸ்டாப் வரை கூட்டுங்கள் (ஒரு ஸ்டாப் கூட்டினால் வெளிச்சம் இரண்டு மடங்கு).

தாலி கட்டும் நொடிக்கு ஒரு வார்த்தை. "கெட்டிமேளம்" என்றதும் மேடையில் உள்ள அத்தனை பேரும் எழுந்து முன்னால் வருவார்கள், நாத்தனார் கை, மாமா தோள், மேலே பறக்கும் அட்சதை. நேரெதிரே நின்றால் முதுகுகள்தான் கிடைக்கும். ஐயர் மந்திரம் சொல்லும்போதே மணப்பெண்ணின் பக்கவாட்டில் தாழ்ந்து உட்கார்ந்துவிடுங்கள். மாப்பிள்ளையின் விரலும் மூன்றாவது முடிச்சும் அங்கிருந்துதான் தெரியும். முக்கியமாக, காசு வாங்கி எடுப்பவரின் குறுக்கே போகாதீர்கள். நான் அந்த இடத்தில் நின்று வயிறெரிந்தவன்.

தேவனாம்பட்டினத்திலிருந்து: சில்வர் பீச்சுல பசங்க ஓடுறது, படகு அலையைத் தாண்டி வர்றது எல்லாம் மங்கலா வருது.

ஓடும் பிள்ளைக்கு 1/500. அலையில் எம்பும் படகுக்கு 1/1000, நீர்த்துளி தனித்தனியாக நிற்கும். வெயிலில் இதற்கெல்லாம் வெளிச்சம் தாராளம். சாயங்காலம் மங்கிய பிறகு மாறாக அரை நொடிக்கு இறக்கி, கேமராவை ஏதாவது கல்மேல் வைத்து எடுங்கள், அலை புகையாகும். அப்புறம் தொடுவானத்தை நேராக வையுங்கள் ராசா. நீங்கள் அனுப்பிய மாதிரிப் படத்தில் வங்கக்கடல் ஆந்திரா பக்கமாக வழிந்துகொண்டிருக்கிறது.

கடலூர் ஓ.டி.யிலிருந்து ஒரு அம்மா: என் மாமனாரின் ஒரே படம் சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறது. 60 வருஷம் இருக்கும். பேரப்பிள்ளைகளுக்குக் கொடுக்க செல்போனில் எடுத்தால் டியூப்லைட்டும் என் உருவமும்தான் தெரிகிறது.

அம்மா, முதலில் ஒரு எச்சரிக்கை. படத்தைக் கண்ணாடியிலிருந்து பிரிக்கவே பிரிக்காதீர்கள். பழைய படத்தின் மேல் பூச்சு ஜெலட்டின், ஈரம் பட்டுப் பட்டுக் கண்ணாடியோடு ஒட்டியிருக்கும். இழுத்தால் மாமனாரின் பாதி முகம் கண்ணாடியோடு வந்துவிடும். ஒரு வீட்டில் அப்படி வந்ததைக் கண்ணால் பார்த்தேன்.

கண்ணாடியோடே எடுக்கலாம். மாலையைக் கழற்றுங்கள், சந்தனப் பொட்டை ஈரத்துணியைப் பிழிந்து துடையுங்கள். தண்ணீர் சட்டத்துக்குள் இறங்கக் கூடாது. படத்தை வாசல் பக்கம் கொண்டுபோய், வெயில் நேரே படாத இடத்தில், வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து சாய்வாக விழும்படி சுவரில் சாய்த்து வையுங்கள். வீட்டுக்குள் எல்லா விளக்கையும் அணையுங்கள். கண்ணாடியில் தெரிவது உங்கள் பக்கத்து வெளிச்சம், அதனால் உங்கள் பக்கம் இருட்டாக வேண்டும். ஒரு கறுப்புத் துணியில் போன் லென்ஸ் அளவுக்கு ஓட்டை போட்டு, இரண்டு பேரை விரித்துப் பிடிக்கச் சொல்லி, அதன் வழியாக எடுங்கள். கறுப்புக் குடையில் ஓட்டை இருந்தால் அதுவும் ஆகும். பக்கத்தில் போய் எடுக்காமல் நாலடி தள்ளி நின்று இரண்டு மடங்கு ஜூமில் எடுத்தால் சட்டத்தின் ஓரங்கள் வளையாது. படம் எந்தச் சாய்வில் நிற்கிறதோ அதே சாய்வில் போனும் இருக்கட்டும்.

எடுத்ததை வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள், போட்டோவாகப் போனால் அது சுருக்கித் தரத்தைக் குறைத்துவிடும். இந்தப் பழைய ஸ்டூடியோ படங்களை லேசாக நினைக்காதீர்கள். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் கோயில்களைப் பற்றி ஒரு லட்சத்துக்கு மேல் படங்கள் வைத்திருக்கிறது. அதோடு தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோ படங்களையும் தேடித் தேடி டிஜிட்டலாக்கியிருக்கிறார்கள். வரைந்த திரை, மர ஸ்டூல், கையில் பிளாஸ்டிக் பூ என்று நாங்கள் கேலி செய்த அதே படங்கள்தான்.

அரியாங்குப்பத்திலிருந்து: லென்ஸுக்குள்ளே சிலந்தி வலை மாதிரி ஏதோ படர்ந்திருக்கு.

பூஞ்சை. எனக்கும் நடந்தது. 2011 டிசம்பர் 30 அன்று 'தானே' என்ற புயல் அடித்தபோது எங்கள் தெருவில் இரண்டு வாரத்துக்கு மேல் மின்சாரம் இல்லை. வீட்டுக் கூரையைப் பார்ப்பதா கேமராவைப் பார்ப்பதா என்று, தோல் பையோடு பீரோவில் வைத்துப் பூட்டினேன். பொங்கல் முடிந்து திறந்தால் இரண்டு லென்ஸ் பாழ். தோல் பை, மூடிய பீரோ, ஈரம், மூன்றும் சேர்ந்தால் பூஞ்சைக்கு அதைவிட வேறு விருந்து வேண்டாம்.

இப்போது காற்றுப்புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு, உள்ளே சின்ன ஈரப்பத மானி ஒன்றும் வைத்திருக்கிறேன். முள் 40க்கும் 50க்கும் நடுவில் நின்றால் சரி. சிலிக்கா ஜெல் நிறம் மாறினால் சூடுகாட்டி உலர்த்துங்கள், ஆனால் சமையல் சட்டியில் வேண்டாம். அரிசியில் புதைக்கச் சொல்பவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள், மாவுதான் உள்ளே போகும். உங்கள் லென்ஸைத் திறந்து துடைக்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள். அதுவரை மற்ற லென்ஸோடு சேர்த்து வைக்காதீர்கள். பீச்சிலிருந்து வந்ததும் உப்பைத் துடைப்பதும், ஏசி அறையிலிருந்து வெளியே எடுக்கும்போது அரை மணி பையிலேயே விட்டுவைப்பதும் பழக்கமாகட்டும்.

வில்லியனூரிலிருந்து: பெரிய மார்க்கெட்டில் மீன் விற்கும் அம்மாக்களை எடுக்க ஆசை. கேமராவைத் தூக்கினாலே சத்தம் போடுகிறார்கள்.

நியாயம்தானே? விடியலுக்கு முன் எழுந்து கூடையோடு வந்து உட்கார்ந்தவரிடம், ஒரு ரூபாய்க்கும் வாங்காத பத்துப் பேர் தினமும் லென்ஸை நீட்டுகிறார்கள். நான் முதல் நாள் கேமராவைப் பையை விட்டு எடுக்கவில்லை. அரைக் கிலோ மத்தி வாங்கினேன், விலை பேசித் தோற்றேன். இரண்டாம் வாரம் "ஒண்ணு எடுத்துக்கட்டுமா ஆயா?" என்றேன். "எடு, பல்லு தெரியாம எடு" என்றார். மூன்றாம் வாரம் அந்தப் படத்தைப் பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன், முந்தானையில் துடைத்துவிட்டு வாங்கிக்கொண்டார். அதற்குப் பிறகு பக்கத்துக் கூடைக்காரர்தான் என்னைக் கூப்பிட்டார், "எனக்கு எப்போ?" என்று.

குறிஞ்சிப்பாடியிலிருந்து: பௌர்ணமி நிலா வெறும் வெள்ளை வட்டமா வருது.

நிலா வெயிலில் கிடக்கும் பாறை, அதைப் பகல் காட்சி போலத்தான் எடுக்க வேண்டும். ஐஎஸ்ஓ 100, எஃப் 8, ஷட்டர் 1/125, அங்கிருந்து கூட்டிக் குறையுங்கள். போன் என்றால் நிலாவைத் தொட்டுப் பிடித்து வெளிச்சத்தைக் கீழே இழுங்கள்.

படகோ கரையோ சேர்ந்து தெரிய வேண்டுமானால் பௌர்ணமிக்கு முந்தின நாள் போங்கள். சூரியன் மறைவதற்கு முன்பே நிலா கடலுக்கு மேல் வந்துவிடும், படகிலும் வெளிச்சம் மிச்சமிருக்கும். பௌர்ணமியன்றோ இரண்டும் கிட்டத்தட்ட ஒரே நேரம், மறுநாள் நிலா வருவதற்குள் கரை இருட்டிவிடும். இந்த மாதம் முந்தின நாள் தேவனாம்பட்டினத்தில்தான் இருப்பேன், ஸ்டாண்ட் கொண்டு வாருங்கள்.