ஒரு தெருவில் பூட்டிய பள்ளி, அடுத்த தெருவில் உட்கார இடமில்லை: வடசென்னைப் பெற்றோர் கேள்விகளுக்குப் பதில்

(பதில் சொல்பவர் வடசென்னை மாநகராட்சிப் பள்ளி ஒன்றில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர்.)

மிஸ், என் பொண்ணு ஆறாவது படிக்கிறாள். ஒரே செக்‌ஷனில் எழுபது பேர். இதற்குச் சட்டத்தில் இடம் இருக்கா? - ஓர் அம்மா, காசிமேடு

2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டப்படி ஆறு முதல் எட்டு வரை 35 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் வேண்டும். ஓர் ஆசிரியருக்கு ஒரு வகுப்பறையாவது இருக்க வேண்டும். ஆனால் விகிதத்தைப் பள்ளி முழுவதற்கும் சேர்த்துத்தான் பார்ப்பார்கள். உங்கள் பெண்ணின் வகுப்பில் எழுபது பேர் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாலும், "எங்கள் பள்ளியில் விகிதம் சரியாக இருக்கிறது" என்று பதில் வரலாம். அதனால் செக்‌ஷன் வாரியாக எத்தனை பிள்ளைகள், பயன்பாட்டில் எத்தனை அறைகள் என்று கேளுங்கள்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர்தான், குழுவில் பாதிப் பேர் பெண்கள். அங்கே பேசித் தீர்மானமாக எழுத வையுங்கள். ஆசிரியர் பணியிடங்களை ஆகஸ்ட் 1 நிலவரப்படி நிர்ணயிப்பதால் ஜூன், ஜூலையிலேயே கேட்டுவிடுவது நல்லது.

எங்கள் தெருத் தொடக்கப் பள்ளியைப் பிள்ளைகள் குறைவு என்று இன்னொரு பள்ளியோடு சேர்த்துவிட்டார்கள். இங்கே கட்டடம் காலி, பெரிய பள்ளியில் நெரிசல். ஏன் இப்படி? - கொருக்குப்பேட்டை

இரண்டும் ஒன்றோடொன்று சேர்ந்தே நடப்பவை. நம் பக்கத்துக் குடிசைப் பகுதிகளில் இருந்து எத்தனையோ குடும்பங்களை நகரின் தெற்குப் பக்கத்தில் உள்ள மறுகுடியமர்வுக் குடியிருப்புகளான கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பிவிட்டார்கள். இருப்பவர்களில் பலர் சின்ன வகுப்புக்கு இங்கிலீஷ் மீடியம் என்று தனியார் பள்ளிக்குப் போகிறார்கள். அதனால் தொடக்கப் பள்ளி காலியாகிறது. ஆறாவது, ஒன்பதாவது வரும்போது ஃபீஸ் கட்ட முடியாமல் திரும்பி வருகிறார்கள். சுற்றியுள்ள தொடக்க, நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகளும் அதே மேல்நிலைப் பள்ளிக்குத்தான் வந்து சேர்கிறார்கள். ஆக, மூடுவது கீழ் வகுப்பு, நெரிவது மேல் வகுப்பு.

அதனால்தான், மூடிய கட்டடத்தில் முதல் உரிமை அதற்குப் பக்கத்தில் நெரிசலோடு நடக்கும் பள்ளிக்கே என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன். ஆறு, ஏழாம் வகுப்புகளை அங்கே கொண்டுபோகலாம். கணக்கு டீச்சர் இரண்டு இடத்துக்கும் எப்படிப் போவார் என்பார்கள். கால அட்டவணையை மணி வாரியாகப் போடாமல் நாள் வாரியாகப் போட்டால் முடியும். தலைமையாசிரியருக்கு வேலை கூடும், உண்மைதான். ஆனாலும் பிள்ளைகள் மூச்சு விட்டுப் படிப்பார்கள்.

இன்னொன்று. ஐந்தாவது வரை 1 கிலோமீட்டர், எட்டாவது வரை 3 கிலோமீட்டருக்குள் பள்ளி இருக்க வேண்டும் என்பது விதி. வரைபடத்தில் உங்கள் தூரம் சரியாக இருக்கலாம். நடுவில் ரயில்வே கேட்டும் கண்டெய்னர் லாரியும் இருந்தால் ஆறு வயதுக் குழந்தை எப்படித் தனியாகப் போகும்? வழியில் ஆபத்து இருந்தால் அந்தத் தூரத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்று மத்திய மாதிரி விதிகளே சொல்கின்றன. மனுவில் இதைக் கட்டாயம் எழுதுங்கள்.

மூடிய பள்ளியைத் தனியாருக்கு லீசுக்கு விடப்போவதாகப் பேச்சு. தடுக்க முடியுமா? - தண்டையார்பேட்டை

பேச்சை நம்பி ஓடாதீர்கள் தம்பி, முதலில் காகிதத்தைப் பிடியுங்கள். மாநகராட்சிக் கட்டடம் என்றால் விஷயம் மன்றத்துக்கு வர வேண்டும், அதனால் கவுன்சிலரிடம் கேளுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டி மனுப் போட்டால் 30 நாளில் பதில் தர வேண்டும். யாருக்கு, எத்தனை ஆண்டு, என்ன வாடகை, எதற்காக என்று கேளுங்கள். நிலம் வந்த வழியையும் கேளுங்கள். சில பள்ளி நிலங்கள் பழைய காலத்தில் யாரோ தானமாகக் கொடுத்தவை. "கல்விக்கு மட்டும்" என்று பத்திரத்தில் இருந்தால் உங்கள் பக்கம் வலுவாகிவிடும்.

பூட்டிக் கிடந்து பாழாவதைவிட வாடகை வந்தால் நல்லதுதானே? - வியாசர்பாடி

பாழாக விடக் கூடாது என்பதில் உங்களோடு நிற்கிறேன். அமெரிக்காவின் சிகாகோவில் 2013-இல் ஒரே முடிவில் ஐம்பது பள்ளி வரை மூடினார்கள். பத்தாண்டு கழித்தும் அவற்றில் பல கட்டடங்கள் சும்மாவே கிடந்தன. நம் மாநிலத்தில் 2019-இல் பிள்ளைகளே இல்லாத நாற்பதுக்கும் மேற்பட்ட பள்ளிகளை நூலகமாக்க முடிவெடுத்தார்கள். அந்த வழி எனக்குப் பிடித்திருக்கிறது. அங்கன்வாடி, நூலகம், மாலை நேரப் படிப்பு மையம் எல்லாம் சரி. குடோனாக விடுவதை மட்டும் ஏற்கவே மாட்டேன்.

லீசு தவிர்க்க முடியாது என்றால் குறுகிய காலத்துக்கு விடட்டும். மாலையில் மைதானம் தெருப் பிள்ளைகளுக்குத் திறந்திருக்க வேண்டும். சேர்க்கை கூடினால் கட்டடத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் ஷரத்தும் வேண்டும். அப்புறம், சொத்து வரியோடு கல்வி வரியும் நாம் கட்டுகிறோம். அந்த வாடகை பள்ளிகளுக்கே போக வேண்டும் என்று கேட்பது நியாயம்தான்.

கட்டடம் பலவீனம், இடிக்கணும் என்கிறார்கள். சாக்கா? - புளியந்தோப்பு

பொறியாளரின் உறுதித்தன்மை அறிக்கை நகலைக் கேளுங்கள். அறிக்கையில் பலவீனம் என்று இருந்தால் அங்கே பிள்ளைகளை உட்கார வைக்க யாரும் போராட வேண்டாம். 2021 டிசம்பரில் நெல்லையில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் விழுந்து மூன்று மாணவர்கள் இறந்துபோனார்கள். இடித்துவிட்டு அதே இடத்தில் பள்ளியே கட்டுங்கள் என்று கேளுங்கள்.

எங்கள் பகுதியில் மூடப்போவது உதவி பெறும் பள்ளி. - ராயபுரம்

அங்கே இடம் பெரும்பாலும் நிர்வாகத்துக்கே சொந்தம், மாநகராட்சி கை வைக்க முடியாது. மாவட்டக் கல்வி அலுவலரிடம் போங்கள். படிக்கும் பிள்ளைகளை எங்கே சேர்ப்பார்கள் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

நான் ஆசிரியை. வெளியே பேசினால் பிரச்சினை வரும். நான் என்ன செய்யலாம் மேடம்? - பெயர் வேண்டாம்

நீங்கள் பேச வேண்டாம் அம்மா, பெற்றோர் பேசட்டும். வருகைப் பதிவேட்டிலும் எமிஸிலும் (பள்ளி விவரங்களைப் பதியும் அரசு இணையதளம்) உண்மை எண்ணிக்கை மட்டும் இருக்கட்டும். ஸ்டோர் ரூமை வகுப்பறைக் கணக்கில் சேர்க்கச் சொன்னால், அது ஸ்டோர் ரூம்தான் என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள். அந்த ஒரு வரி இல்லாததால்தான் பல மனுக்கள், "இடம் போதுமானது" என்ற குறிப்போடு திரும்பி வருகின்றன.