நோய் போனபின் அந்த வீடு எதற்கு?

அன்புள்ள ஆசிரியருக்கு,

மருந்து வணிக வேலையாக கானா நாட்டின் அக்ராவில் வசிக்கிறேன். கிளம்புவதற்கு முன் கிண்டி கிங் நிலையத்தில் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கொண்டேன். அண்மையில் இங்குள்ள கொர்லே பு மருத்துவமனை வளாகத்தில் ஜப்பானிய விஞ்ஞானி ஹிதேயோ நோகுச்சியின் நினைவிடத்தைப் பார்த்தேன். பிறகு படித்தபோதுதான், மஞ்சள் காய்ச்சலுக்குக் காரணம் என்று அவர் அறிவித்த கிருமியே தவறு என்று தெரிந்தது. தவறிப்போன ஓர் ஆய்வுக்கு நினைவிடம் எதற்கு? கியூபாவிலோ, இந்நோயைக் கொசு பரப்புகிறது என்று கண்டவர் அந்நாட்டு மருத்துவர் ஃபின்லேயா, அமெரிக்க ராணுவ மருத்துவர் வால்டர் ரீடா என்று இன்றும் வழக்கு ஓயவில்லை. தடுப்பூசி வந்துவிட்டது. கொசுவை ஒழிக்கவே காசில்லாத நாடுகள் பழைய கொட்டகைகளையும் சிலைகளையும் காப்பதற்குச் செலவிடுவது நியாயமா?

ஒரு வாசகர், அக்ரா

*

அன்புள்ள நண்பருக்கு,

சிலைகளுக்காக நான் வாதாட வரவில்லை. ஹவானாவை ஒட்டிய மரியனாவ் பகுதியில் கார்லோஸ் ஃபின்லேக்கு ஊசிக்குழல் வடிவத்தில் ஓர் உயர்ந்த தூண் நிற்கிறது. வால்டர் ரீடின் பெயரை அமெரிக்க ராணுவம் தன் பெரிய மருத்துவமனைக்கே வைத்தது. இவற்றைக் காப்பாற்ற அரசுகள் இருக்கின்றன. என் கவலையெல்லாம் அதே மரியனாவில் உள்ள ஒரு சிறிய பலகை வீட்டைப் பற்றியது. அகலம் 14 அடி, நீளம் 20 அடி.

1900 நவம்பர் 20 அன்று அங்கே ஒரு பண்ணை நிலத்தில் ரீட் தலைமையிலான அமெரிக்க ராணுவத்தின் மஞ்சள் காய்ச்சல் குழு முகாம் அமைத்தது. குழுவில் இருந்த ஜெஸ்ஸி லாசியர் அந்தச் செப்டம்பரில்தான் அதே காய்ச்சலில் இறந்திருந்தார். வயது 34. லாஸ் அனிமாஸ் மருத்துவமனையில் தற்செயலாக ஒரு கொசு கடித்தது என்று அவர் சொன்னார். வேண்டுமென்றே தன்மேல் கடிக்க விட்டுக்கொண்டார் என்று உடனிருந்தவர்கள் சந்தேகித்தார்கள். அது இன்றும் தீராத கேள்வி. முகாமுக்கு அவர் பெயரையே வைத்தார்கள்.

முகாமில் இரண்டு சிறு கட்டடங்கள். முதல் கட்டடம்தான் நான் சொன்ன பலகை வீடு. அதில் இரண்டே சன்னல்கள், இரண்டும் ஒரே பக்கச் சுவரில். காற்று குறுக்கே ஓடிவிடக் கூடாது, வெயில் உள்ளே விழக் கூடாது என்று பார்த்துப் பார்த்து அடைத்துக் கட்டியது. உள்ளே ஓர் அடுப்பு எப்போதும் எரிந்தது. மஞ்சள் காய்ச்சல் நோயாளிகளின் கறுப்பு வாந்தியும் மலமும் சிறுநீரும் படிந்த விரிப்புகள், போர்வைகள், தலையணை உறைகளைப் பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்து வைத்தார்கள். நவம்பர் 30 இரவு மருத்துவர் ராபர்ட் குக்கும் ஃபோக், ஜெர்னெகன் என்ற இரண்டு படைவீரர்களும் உள்ளே போனார்கள். முதல் பெட்டியைத் திறந்ததும் நாற்றம் தாங்காமல் மூவரும் வெளியே ஓடிவந்துவிட்டார்கள். பிறகு திரும்பப் போய் அந்தத் துணிகளை உதறி, கட்டிலில் விரித்து, அதிலேயே படுத்தார்கள். விடிந்ததும் எல்லாவற்றையும் பெட்டிகளில் அடைப்பார்கள். இரவானதும் மறுபடி எடுத்து விரிப்பார்கள். இப்படி இருபது இரவுகள். அவர்களுக்குப் பின் வேறு ஆட்கள் வந்தார்கள். மொத்தம் 63 நாட்கள், ஏழு பேர். ஒருவருக்கும் காய்ச்சல் வரவில்லை.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்பதுதான் அந்த வீட்டின் பெருமை. அதுவரை நோயாளியின் துணிமணிகளில்தான் நோய் ஒட்டிக்கொண்டு வருகிறது என்று மருத்துவ உலகம் நம்பியது. துணிகளை எரித்தார்கள், கப்பல்களை நிறுத்திவைத்தார்கள், சரக்குகளைப் புகைபோட்டார்கள். 1878இல் மெம்ஃபிஸ் நகரில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தபோது தப்பியோடியவர்களை அடுத்த ஊர்க்காரர்கள் துப்பாக்கியோடு வழிமறித்தார்கள். அந்த நம்பிக்கையை ஏழு பேர் படுத்துறங்கி உடைத்தார்கள். அதன் எதிரிணைதான் இரண்டாம் கட்டடம். அறையைக் கம்பிவலையால் இரண்டாகத் தடுத்து, ஒரு பக்கத்தில் நோய்க்கொசுக்களை விட்டார்கள். டிசம்பர் 21 அன்று ஜான் மோரன் என்ற எழுத்தர் அந்தப் பக்கம் போய்ப் படுத்தார். கிறிஸ்துமஸ் அன்று அவருக்குக் காய்ச்சல் கண்டது. வலைக்கு மறுபக்கம், கொசு இல்லாத பகுதியில் இருந்தவர்கள் நலமாக இருந்தார்கள். சோதனைக்கு உட்பட்டதற்காகப் பணம் வேண்டாம் என்று முன்பே மறுத்திருந்தவர் மோரன்.

இந்தக் கதை ஆய்வுக்கட்டுரையில் அரைப் பக்கத்தில் முடிந்துவிடும். சோதனை எப்படி நடந்தது என்பது அந்த 14 அடிக்குள் நின்று பார்த்தால்தான் உறைக்கும். ஒரே சுவரில் இரண்டு சன்னல் ஏன் என்று ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை கேட்டால் போதும், அறிவியல் எப்படி வேலை செய்கிறது என்று அங்கேயே சொல்லிவிடலாம். எந்தச் சிலைக்கு முன்னால் நின்று அப்படிச் சொல்ல முடியும்?

அந்த வீடு தானாகத் தப்பிப் பிழைக்கவில்லை. பிலிப் ஹென்ச் என்ற அமெரிக்க மருத்துவர், பின்னாளில் கார்டிசோன் ஆய்வுக்காக 1950இல் நோபல் பரிசு பெற்றவர், 1930களிலிருந்தே மோரனையும் மற்றவர்களையும் தேடிப்பிடித்துக் கேள்வி கேட்டுக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். முகாம் எங்கே இருந்தது என்பதே அப்போது மறந்துபோயிருந்தது. முதிய மோரனின் துணையோடு கியூபாவில் அந்தப் பண்ணையைக் கண்டுபிடித்தார். முதல் கட்டடம் அப்போதும் நின்றுகொண்டிருந்தது. பத்தாண்டுக்கும் மேலாக ஹென்ச் விடாமல் வலியுறுத்தினார். 1952 டிசம்பர் 3 அன்று, ஃபின்லேயின் பிறந்த நாளில், கியூப அரசு அதை நினைவிடமாகத் திறந்தது. மோரன் 1950இலேயே இறந்துவிட்டார். ஹென்ச் இன்னும் சில ஆண்டுகள் தள்ளிப்போட்டிருந்தால் இடத்தைக் காட்டித்தர ஆளே இருந்திருக்காது. நினைவைக் காப்பதில் கண்டவர்கள் உயிரோடு இருக்கும் காலம் மிகச் சிறியது. அதைத் தவறவிட்டபின் எத்தனை கோடி செலவழித்தும் பயனில்லை.

ஹென்ச் சேர்த்த கடிதங்களும் படங்களும் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. இணையத்திலும் படிக்கலாம். அதில் ஓர் ஒப்பந்தத்தாளை நீங்கள் பார்க்க வேண்டும். சோதனைக்கு உட்பட்டவர்களில் கியூபாவுக்குப் பிழைக்க வந்த ஏழை ஸ்பானியர்களும் உண்டு. உயிருக்கு ஆபத்து உண்டு என்பதை அறிந்தே சம்மதிப்பதாக அவர்களிடம் எழுதி வாங்கினார்கள். உட்படுவதற்கு நூறு டாலர் தங்கம், நோய் வந்தால் மேலும் நூறு. மனிதர்மீது ஆய்வு செய்யும்போது எழுத்தில் சம்மதம் வாங்கிய மிகப் பழைய சான்றுகளில் ஒன்று அது. அந்தப் பணம் ஒரு கூலிக்காரனை எவ்வளவு நெருக்கியிருக்கும் என்பதற்கும் அதே தாள்தான் சான்று. 1929இல் அமெரிக்கக் காங்கிரஸ் 22 பேரைப் பட்டியலிட்டுப் பதக்கமும் ஓய்வூதியமும் அளித்தது. அதில் அந்த ஸ்பானியர்களின் பெயர் இல்லை. 1901 ஆகஸ்டில் ஹவானாவில் சோதனைக் கொசுக்கடிக்குப் பலியான 25 வயது செவிலியர் கிளாரா மாஸ் பெயரும் இல்லை. தாள்கள் எஞ்சியதால்தான் இந்த அநியாயத்தை இன்று நம்மால் சுட்டிக்காட்ட முடிகிறது.

ஃபின்லே, ரீட் வழக்கை நான் நீட்டப்போவதில்லை. நோயைப் பரப்புவது இன்ன கொசுதான் என்று 1881 ஆகஸ்ட் 14 அன்று ஹவானா அறிவியல் கழகத்தில் ஃபின்லே சொன்னார். பத்தொன்பது ஆண்டுகள் உலகம் அவரைப் பொருட்படுத்தவில்லை. நோயாளியைக் கடித்த கொசு ஏறத்தாழ பன்னிரண்டு நாட்கள் கழித்தே நோயைப் பரப்பும் என்பது தெரியாததால் அவருடைய சோதனைகள் ஐயமற நிலைபெறவில்லை. கடைசியில் ரீட் குழுவுக்குக் கொசு முட்டைகளைக் கொடுத்தவரும் அவரே. அவர் பேசிய கட்டடம் இப்போது அவர் பெயரில் அருங்காட்சியகம். பலகை வீட்டையும் அதையும் ஒரே பயணத்தில் பார்ப்பவருக்கு யார் பக்கம் சேர்வது என்ற கேள்வியே எழாது.

நோகுச்சிக்கு வருகிறேன். அவர் தவறினார் என்பது உண்மை. ஈக்வடாரில் தான் கண்ட திருகுக் கிருமிதான் காரணம் என்று அறிவித்தார். அதை நம்பித் தடுப்பூசியும் போடப்பட்டது. கேள்விகள் வலுத்தபோது, அறுபது வயதை எட்டாத, உலகப்புகழ் பெற்றிருந்த அந்த மனிதர் நியூயார்க்கில் உட்கார்ந்து பதில் எழுதிக்கொண்டிருக்கவில்லை. அக்ராவுக்கே போனார். 1928 மே 21 அன்று அதே காய்ச்சலில் இறந்தார். அவருடன் இருந்த வில்லியம் யங் சில நாட்களில் இறந்தார். முந்தைய செப்டம்பரில் லாகோஸில் இதே நோயை ஆராய்ந்த ஏட்ரியன் ஸ்டோக்ஸ், தன் ரத்தத்தைக் குரங்குகளுக்குச் செலுத்திப் பாருங்கள் என்று சாகக்கிடந்த நிலையிலும் சொல்லிவிட்டு இறந்திருந்தார். அக்ராவில் உள்ள நோகுச்சியின் ஆய்வறையைக் காக்க வேண்டும் என்றே சொல்வேன், ஒரு நிபந்தனையோடு: நோகுச்சியின் கிருமி தவறு என்பதும், அந்தத் தடுப்பூசி பயனற்றது என்பதும் அங்கே வருபவர் கண்ணில் படும்படி எழுதியிருக்க வேண்டும். மறைத்தால் அது வெறும் பூசைமாடம்.

நீங்கள் கானாவில் இருப்பதால் இன்னொரு பெயரைச் சொல்கிறேன். அசிபி. 1927 ஜூன் 30 அன்று க்பேவே ஊரில் லேசான காய்ச்சலோடு இருந்த 28 வயது இளைஞர். அவர் ரத்தத்தை எடுத்து இந்தியாவிலிருந்து கொண்டுபோன ஒரு செம்முகக் குரங்குக்குச் செலுத்தினார்கள். குரங்கு இறந்தது, அசிபி பிழைத்தார். நோகுச்சியின் கிருமி அங்கே இல்லை, காரணம் ஒரு வைரஸ் என்று அந்த வழியில்தான் உறுதியானது. அந்த வைரஸை மாக்ஸ் தெய்லர் குழுவினர் ஆய்வகத்தில் இருநூறுக்கும் மேற்பட்ட முறை மாற்றி மாற்றி வளர்த்து, வீரியம் தணித்து, 1937இல் தடுப்பூசியாக்கினார்கள். தெய்லருக்கு 1951இல் நோபல் பரிசு கிடைத்தது. கிண்டியில் உங்கள் கையில் ஏறிய ஊசியின் மூலம் அசிபியின் ரத்தம். நோகுச்சிக்கு அக்ராவில் ஓர் ஆய்வு நிறுவனம், பிறந்த ஊரில் நினைவு மண்டபம், இருபது ஆண்டுகள் ஆயிரம் யென் தாளில் முகம். அசிபியின் பெயரை வைரஸ் ஆய்வாளர்கள்தான் குப்பிகளின் மேல் படிக்கிறார்கள்.

செலவைப் பற்றிக் கேட்டீர்கள். பலகை வீட்டுக்குக் கறையான் மருந்தும் கூரைப் பராமரிப்பும் செய்யும் பணம் எந்த நாட்டின் கொசு ஒழிப்பையும் நிறுத்திவிடாது. கொசு ஒழிப்பு என்பதே அங்கே கற்ற பாடம். முகாமின் முடிவுகளை வைத்து 1901இல் அமெரிக்க ராணுவ மருத்துவர் கோர்காஸ் ஹவானாவில் வீடு வீடாக ஆள் அனுப்பித் தண்ணீர்த் தொட்டிகளை மூடவைத்தார், புழு கண்ட வீட்டுக்கு அபராதம் போட்டார். சில மாதங்களில் நகரில் மஞ்சள் காய்ச்சல் இல்லாமல் போனது. சென்னையில் டயரையும் கொட்டாங்குச்சியையும் புரட்டிப் பார்க்கும் டெங்கு ஒழிப்புப் பணியாளர் செய்வது அதே வேலை, மஞ்சள் காய்ச்சலைப் பரப்பும் அதே ஏடிஸ் கொசுவுக்கு எதிராக.

உங்களுக்கு ஒரு வேண்டுகோள். க்பேவே உங்கள் ஊரிலிருந்து எட்டாத தூரமில்லை. விடுமுறையில் போய்வாருங்கள். அசிபியைப் பற்றி, அந்த மருத்துவர்கள் வந்ததைப் பற்றி, பெரியவர்களிடம் வழிவழியாகக் கேட்ட பேச்சு ஏதாவது உண்டா என்று விசாரியுங்கள். கேட்டதைத் தேதியோடு, சொன்னவர் சம்மதத்தோடு எழுதி எனக்கு அனுப்புங்கள். இங்கே வெளியிடுகிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்