பில் ஏன் கொழுந்தனார் பெயரில்?

கேள்வி: வயது 31. திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் டிசைனராக இருந்தேன். குழந்தை பிறந்ததும் வேலையை விட்டுவிட்டு, ஒன்றரை வருடமாக வீட்டிலிருந்தே டி-ஷர்ட் பிரிண்ட், லேபிள், கேட்டலாக் டிசைன் செய்கிறேன். மாதம் சுமார் 70,000 ரூபாய்க்கு வேலை வருகிறது. எனக்கு ஜிஎஸ்டி எண் இல்லை. அதனால் பிரஸ் வைத்திருக்கும் கொழுந்தனார் பெயரில்தான் பில் போகிறது. பார்ட்டிகள் 10 சதவீதம் டிடிஎஸ் (பணம் தரும்போதே பிடித்துக்கொள்ளும் வருமான வரி) பிடிக்கிறார்கள். எல்லாம் போக 55,000 ரூபாய் எனக்குக் கொடுப்பார். ஒரு பார்ட்டி நாலு மாதமாக 1.4 லட்சம் பாக்கி வைத்திருக்கிறது. இப்போது கொழுந்தனார், "அண்ணி, பார்ட்னர்ஷிப் போட்டு 6 லட்சம் லோனில் பிரிண்டிங் மெஷின் வாங்கலாம்" என்கிறார். பிரைவேட் லிமிடெட்தான் பாதுகாப்பு என்று யூடியூபில் சொல்கிறார்கள். எதைச் செய்வது? மறுத்தால் வீட்டில் மனத்தாங்கல் வருமோ என்றும் பயமாக இருக்கிறது.

பதில்: பார்ட்னர்ஷிப்பா, கம்பெனியா என்று கேட்கிறீர்கள். அதற்கு முன்னால், ஒன்றரை வருடமாக உங்கள் உழைப்பு இன்னொருவர் பான் எண்ணில் ஏறிக்கொண்டிருக்கிறதே, அதைப் பார்ப்போம்.

பில் 70,000. அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி 12,600. டிடிஎஸ் 7,000 போக, கொழுந்தனார் கணக்கில் விழுவது 75,600. ஜிஎஸ்டியைக் கட்டிவிட்டால் அவர் கையில் 63,000. உங்களுக்கு வருவது 55,000. ஆக மாதம் 8,000 ரூபாயும், டிடிஎஸ் 7,000 ரூபாயும் அவர் பக்கம் நிற்கின்றன. வருடத்துக்கு 1.8 லட்சம்.

அவர் ஏமாற்றுகிறார் என்று நான் சொல்லவில்லை. உங்கள் 8.4 லட்சமும் அவர் வருமானத்தின் மேல் ஏறி உட்காருகிறது. அதற்கு அவர் வரி கட்டினால் அவருக்கே ஒன்றும் மிஞ்சாமல் போகலாம். ஆனால் அதே 8.4 லட்சம் உங்கள் பெயரில் வந்திருந்தால்? 2025-26 நிதியாண்டு முதல் புதிய வருமான வரி முறையில் 12 லட்சம் வரை வரி இல்லை. பிடித்த டிடிஎஸ் முழுவதும் உங்கள் கணக்குக்கே திரும்பி வந்திருக்கும். கட்டவே வேண்டாத வரியை இரண்டு பேருமாகச் சேர்ந்து கட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

சேவைத் தொழிலில் வருடத்துக்கு 20 லட்சம் தாண்டும்வரை ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை. பார்ட்டி ஜிஎஸ்டி பில்தான் வேண்டும் என்று நின்றால், உங்கள் பெயரிலேயே பதிந்துகொள்ளலாம். அரசுக் கட்டணம் கிடையாது. ரிட்டர்ன் தாக்கல் செய்யும் வேலை மட்டும் கூடும்.

அந்த 1.4 லட்சத்துக்கு வருவோம். காகிதத்தில் அது உங்கள் பாக்கியே இல்லை, அவருடைய பாக்கி. உங்கள் பெயரில் உத்யம் பதிவு (சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) இருந்து, பில்லும் உங்கள் பெயரில் இருந்தால், 2006-ஆம் வருடத்து குறு, சிறு தொழில் சட்டப்படி வாங்கியவர் அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி வட்டி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, அதுவும் மாதா மாதம் கூட்டு வட்டி. ஆதாரும் பான் எண்ணும் இருந்தால் உத்யம் பதிவை நீங்களே ஆன்லைனில் இலவசமாக முடிக்கலாம். காசு கேட்டு வரும் ஏஜென்டுகளை நம்பாதீர்கள். பதிவுக்குப் பிறகு போடும் பில்லுக்குத்தான் இதை நம்பலாம், ஆகவே இந்த வாரமே முடியுங்கள்.

பில்லோடு ஒரு பக்க ஒப்பந்தமும் வேண்டும்: பாதி அட்வான்ஸ், எத்தனை தடவை திருத்தம், முழுப் பணம் வந்த பிறகே டிசைன் உரிமை மாறும் என்ற வரி. பதிப்புரிமையை எழுத்தில் கையெழுத்திட்டால்தான் மாற்றிக் கொடுக்க முடியும் என்கிறது 1957-ஆம் வருடத்துச் சட்டம். ஆனால் அதை மட்டும் நம்பி இருக்காதீர்கள். டிசைன் சட்டத்தில் பதியக்கூடிய ஒன்றைப் பதியாமல் துணியில் 50 தடவைக்கு மேல் அடித்துவிட்டால் பதிப்புரிமையே போய்விடும். அட்வான்ஸ்தான் உங்கள் முதல் காவல். நெட்டில் இறக்கிய ஃபான்ட், படம் எதையும் லைசென்ஸ் பார்க்காமல் எக்ஸ்போர்ட் ஆர்டரில் வைக்காதீர்கள்; வெளிநாட்டு பையரிடம் மாட்டினால் பழி டிசைனர் தலையில்தான்.

பார்ட்னர்ஷிப் வேண்டாம். பிரஸ்ஸின் பேரில் நாளைக்கு ஒரு கடன் ஏறினால் முழுத் தொகைக்கும் உங்கள் நகை, சேமிப்பு வரை பொறுப்பு. பாதிப் பங்குதானே என்று சொல்லித் தப்ப முடியாது. 6 லட்சத்துக்கு 13 சதவீத வட்டி, மூன்று வருடம் என்றால் மாதத் தவணை சுமார் 20,200. உங்கள் வேலைக்கு ஒரு லேப்டாப் போதும். மெஷின் அவருடைய தொழிலுக்குத்தான் தேவை.

யூடியூப் சொல்லும் பிரைவேட் லிமிடெட்டுக்கு வருமானம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வருடா வருடம் ஆடிட் உண்டு. அந்த 12 லட்சச் சலுகையும் கம்பெனிக்குக் கிடையாது. தனி உரிமையாளராக, ஒரு கரன்ட் அக்கவுன்டோடு ஆரம்பியுங்கள்.

கொழுந்தனாரிடம் எப்படிச் சொல்வது? "என் வருமானம் உங்கள் தலையில் ஏறி உங்களுக்கும் வரி கூடுகிறது, இனி பில்லை என் பெயருக்கே மாற்றிக்கொள்கிறேன்" என்று சொல்லுங்கள். அது உண்மையும்கூட. மெஷின் வாங்கினால் உங்கள் பார்ட்டிகளின் பிரிண்ட் வேலையை அவருக்கே தருவதாகச் சொல்லலாம். லோனில் மட்டும் கையெழுத்து வேண்டாம். இந்த வருடம் அவர் பெயரில் ஏற்கெனவே போன வேலைக்கு நீங்கள் அவருக்கு ஒரு பில் கொடுத்து, பணத்தை வங்கி வழியாகவே வாங்குங்கள். அவருக்கு அது செலவு, உங்களுக்கு வருமானம். பாக்கி இருக்கும் 1.4 லட்சத்துக்கு அந்தப் பார்ட்டிக்கு நோட்டீஸ் போக வேண்டியது அவர் பெயரில்தான். அதை அவரை வைத்தே இந்த மாதம் அனுப்பச் சொல்லுங்கள்.