பழவேற்காடு ஏரிக்கரையில் டென்ட் போட்டுப் பூநாரை பார்க்கலாமா?

கேள்வி: நாங்கள் சித்தூரில் இருக்கிறோம். பொங்கல் விடுமுறையில் 3 நாள் பழவேற்காடு ஏரிக்கரையில் வசதியான டென்ட்டில் தங்க ஆசை. பூநாரையும் பார்க்க வேண்டும், கடலும் பார்க்க வேண்டும். 8 வயது மகளும் முழங்கால் வலி உள்ள மாமியாரும் கூட வருகிறார்கள். எப்படித் திட்டமிடுவது?

பதில்: தாராளமாகப் போய் வரலாம். ஆனால் டென்ட்டை முதலில் புக் செய்துவிட்டு அப்புறம் பறவையைத் தேடாதீர்கள். ஏரியில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்பதை விசாரித்துவிட்டுத்தான் மற்ற எதையும் முடிவு செய்ய வேண்டும்.

பூநாரை (ஃபிளமிங்கோ) ஆழமில்லாத தண்ணீரில் நின்று இரை தேடும். காலால் சேற்றை மிதித்துக் கலக்கும். பிறகு தலையைக் கவிழ்த்து, வளைந்த அலகைத் தலைகீழாக நீரில் வைத்து, சிறு உயிர்களை வடிகட்டித் தின்னும். வடகிழக்குப் பருவமழை கொட்டித் தீர்த்த வருஷம் ஏரி நிரம்பி நிற்கும். அப்போது பூநாரைகள் ஆழம் குறைந்த மேட்டுப் பகுதிகளைத் தேடி விலகிப் போய்விடும். சாலையிலிருந்து பார்த்தால் தொலைவில் இளஞ்சிவப்பாக ஒரு கோடுதான் தெரியும். தண்ணீர் வற்ற வற்றக் கிட்டே வரும். அதனால் பொங்கலை விட்டுவிட்டு, ஜனவரி கடைசியிலோ பிப்ரவரியிலோ லீவு கிடைக்குமா என்று பாருங்கள். அதற்கு முன்னால் டிசம்பரில் கிளம்ப வேண்டாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் இந்தக் கரையை என்ன பாடு படுத்தியது என்று உங்களுக்கே தெரியும்.

இனி தங்கும் இடம். இந்த ஏரி ஒரு பறவைகள் சரணாலயம். கரையில் நாமாக டென்ட் அடிக்கக் கூடாது, யாராவது காசுக்கு அடித்துத் தருகிறேன் என்றாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். இரவில் விளக்கும் பாட்டும் பறவைகளைக் கலைத்துவிடும். ஏரிக்குப் பக்கத்து ஊரான சூலூர்பேட்டையில் லாட்ஜ் எடுங்கள். டென்ட்தான் வேண்டுமென்றால், ஏரியை விட்டுத் தள்ளி தடா, வரதய்யபாளையம் பக்கம் தனியார் தோப்பில் அனுமதியோடு நடத்தும் இடமாகப் பாருங்கள். உங்கள் மாமியாருக்காக ஒன்றை மட்டும் போனிலேயே உறுதி செய்துகொள்ளுங்கள்: கட்டிலும், டென்ட்டோடு சேர்ந்த வெஸ்டர்ன் கழிப்பறையும் உண்டா? ராத்திரி பனியில் டார்ச் பிடித்துக்கொண்டு தோப்புக்குள் நடக்கிற மாதிரி இருந்தால் வேண்டாம், லாட்ஜே நல்லது. அந்தப் பக்கம் இருக்கும் உப்பலமடுகு அருவியும் அவருக்குச் சரிவராது, வழியெல்லாம் பாறை.

சித்தூரிலிருந்து திருப்பதி, காளஹஸ்தி, நாயுடுபேட்டை வழியாகத்தானே வருவீர்கள்? அங்கிருந்து சூலூர்பேட்டைக்கு வரும் வழியிலேயே, தொரவாரிசத்திரம் பக்கம், நேலப்பட்டு சரணாலயம் இருக்கிறது. முதல் நாள் மாலையை அதற்கே கொடுங்கள். தண்ணீரில் நிற்கும் மரங்களில் கூழைக்கடாக்கள் (பெலிகன்) கூடு கட்டியிருக்கும். இரை பிடிக்க அவை பழவேற்காடு ஏரி வரைக்கும் போய் வரும். தாய்ப்பறவை வந்து இறங்கியதும் குஞ்சு அதன் தொண்டைப் பைக்குள் தலையை, சில சமயம் கழுத்து வரைக்கும், நுழைத்து மீனை எடுக்கும். உங்கள் மகள் இதை ஒரு தடவையாவது பார்க்க வேண்டும். ஒரு பைனாகுலர் இரவல் கிடைத்தாலும் வாங்கி வந்துவிடுங்கள்.

இரண்டாம் நாள் விடியும்போதே, சூலூர்பேட்டையிலிருந்து போகும் ஸ்ரீஹரிகோட்டா சாலையில் இருங்கள். சாலை ஏரியின் நடுவே கிழக்கு நோக்கிப் போகிறது, இரண்டு பக்கமும் தண்ணீர். குளிர்காலத்தில் சூரியன் நாள் முழுக்கத் தெற்குச் சாய்வாகவே இருக்கும். ஆகவே வடக்குப் பக்கம் பாருங்கள். வெளிச்சம் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும், பறவையின் நிறம் நிறமாகவே தெரியும். தெற்கே பார்த்தால் கண் கூசும், போட்டோவில் கறுப்பு உருவம்தான் விழும். காரை ஓரமாக, பின்னால் வரும் வண்டிக்கு இடைஞ்சல் இல்லாமல் நிறுத்துங்கள். காலையில் விண்வெளி மைய ஊழியர்களின் பஸ்கள் வரிசையாகப் போகும். காரை விட்டு இறங்காமல் கண்ணாடியை இறக்கிப் பார்ப்பதே நல்லது. ஆள் இறங்கி நடந்தால் பறவை நகர்ந்துவிடும், மாமியாருக்கும் சிரமம் இல்லை. பறக்கும்போது பார்க்கலாமே என்று கை தட்டுவதும் கல் எறிவதும் அங்கே நடக்கிறது. எவ்வளவு தூரத்திலிருந்தோ வந்து மேயும் பறவையைச் சாப்பிட விடாமல் விரட்டுவது பெரிய பாவம். மகளுக்கு இதை முன்கூட்டியே சொல்லி அழைத்து வாருங்கள்.

அந்தச் சாலையில் சோதனைச் சாவடியைத் தாண்ட அனுமதி இல்லை, ஸ்ரீஹரிகோட்டா கடற்கரை நமக்குக் கிடையாது. ராக்கெட் ஏவும் நாளிலும், பூநாரைத் திருவிழா நாட்களிலும் கூட்டம் நெரியும். தேதியைப் பார்த்து ஒதுங்கிக்கொள்ளுங்கள். தெற்கே தமிழ்நாட்டுப் பக்கம் பழவேற்காடு ஊரில் படகு கிடைக்கும் என்று யாராவது சொன்னால் ஏறாதீர்கள். 2011 கிறிஸ்துமஸ் அன்று அங்கே படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள்.

கடலுக்கு மூன்றாம் நாள் போதும். திரும்பும்போது நாயுடுபேட்டையிலிருந்து கிழக்கே வாகாடு பக்கம் போனால் தூப்பிலிப்பாளையம் கடற்கரை. கால் நனைக்கலாம், குளிக்க இறங்க வேண்டாம். ஜனவரி முதல் மார்ச் வரை இந்தக் கரையில் பங்குனி ஆமைகள் இரவில் முட்டையிட ஏறும். எனவே பொழுது சாய்வதற்குள் கிளம்பிவிடுங்கள், மணலில் வண்டியை ஓட்டாதீர்கள்.

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு சூலூர்பேட்டை வனத்துறை அலுவலகத்துக்குப் போன் செய்து, பூநாரை சாலைக்கு எவ்வளவு கிட்டே மேய்கிறது என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதைக் கேட்டபிறகு அறைக்குப் பணம் கட்டுங்கள்.