கேள்வி–பதில்: மருந்து வாரத்தில் தளரும் கால்கள்

கேள்வி: என் மகளுக்கு நான்கு வயது கடந்துவிட்டது. சென்ற ஆண்டு குருதிப் புற்றுநோய் என்று கண்டறியப்பட்டு, மகரகம அபேக்ஷா வைத்தியசாலையில் சிகிச்சை பெற்று வருகிறாள். குருதியில் இப்போது நோய்க் கலங்கள் தென்படவில்லை என்றும், நோய் திரும்பாதிருக்கக் கொடுக்கும் பராமரிப்புச் சிகிச்சை இன்னும் நீண்ட காலம் தொடரும் என்றும் வைத்தியர்கள் கூறுகின்றனர். ஆனால் முன்பு ஓடித் திரிந்த பிள்ளை இன்று வலது பாதத்தை இழுத்து நடக்கிறாள். எங்கள் தொடர்மாடியின் படிகளில் என் சட்டையைப் பற்றிக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் இரண்டு கால்களையும் வைத்தே இறங்குகிறாள். இயன்மருத்துவர் சொல்லித் தந்த பயிற்சிகளால் நல்ல முன்னேற்றம் தெரியும். அடுத்த மருந்து ஏற்றியதும் எல்லாம் பழையபடி ஆகிவிடும். பயிற்சி என்றாலே அழுகிறாள். "வருத்தக்காரப் பிள்ளையை ஏன் மேலும் வருத்துகிறீர்?" என்று மாமி கேட்கும்போது எனக்குப் பதில் தெரியவில்லை. இப்பயிற்சியால் பயன் உண்டா? தை மாதத்தில் முன்பள்ளிக்கு அனுப்பலாமா?
– ஒரு தாய், வெள்ளவத்தை

பதில்: அன்புள்ள சகோதரி, பயன் நிச்சயமாக உண்டு. நீங்கள் எழுதியிருக்கும் ஏற்ற இறக்கம், பயிற்சி வீணாகிறது என்பதைக் காட்டவில்லை. எந்த மருந்து எந்த வாரத்தில் கொடுக்கப்படுகிறது என்பதையே காட்டுகிறது.

இந்நோய்க்கு வழக்கமாக ஏற்றப்படும் வின்கிறிஸ்டீன் என்ற மருந்து, நம் வீட்டு முற்றங்களில் பூக்கும் பட்டிப்பூச் செடியிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டு, 1963இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. (அதற்காக அச்செடியை அவித்துக் குடிக்கக் கொடுத்துவிடாதீர்கள், அது நஞ்சு.) புற்றுநோய்க் கலங்கள் பெருகுவதைத் தடுக்கும் அதே மருந்து, நரம்பிழைகளுக்குள் போக்குவரத்து நடைபெறும் நுண்குழாய்களையும் பாதிக்கிறது. உடலின் மிக நீண்ட நரம்புகள் பாதங்களுக்குச் செல்பவை என்பதால், பாதத்தை மேலே தூக்கும் தசையே பெரும்பாலும் முதலில் தளர்கிறது. பராமரிப்புக் காலத்தில் பல பிள்ளைகளுக்கு இதனோடு சேர்த்துச் சில நாட்கள் ஸ்டெரோயிட்டும் கொடுக்கப்படும். அது தொடை, இடுப்புத் தசைகளைத் தளர்த்துவதோடு, பிள்ளையைச் சிடுசிடுப்பாகவும் தீராப் பசியோடும் இருக்கச் செய்யும். படியில் உங்கள் சட்டையைப் பற்றுவதற்கும், பயிற்சி என்றதும் அழுவதற்கும் பெரும்பாலும் இவையே காரணம். பிடிவாதம் என்று எண்ணிக் கண்டிக்க வேண்டாம்.

மாமியின் கேள்விக்கு வருகிறேன். அவருடைய சொல்லில் இருப்பது பாசம்தான். ஆயினும், வின்கிறிஸ்டீன் நிறுத்தப்பட்ட பின் வரும் மாதங்களில் நரம்பு பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தேறிவிடுகிறது. இடைப்பட்ட காலத்தில் பாதம் தொங்கியபடியே கிடந்து குதிகாலின் தசைநாண் குறுகிப்போனால், நரம்பு தேறிய பின்னரும் பாதம் மேலே மடங்க இடமிருக்காது. நீங்கள் இன்று செய்கின்ற பயிற்சி முதன்மையாக அந்த இடத்தைக் காத்துவைப்பதற்கே. நரம்பைக் குணமாக்கும் பொறுப்பை அதன்மேல் சுமத்தினால் ஒவ்வொரு மாதமும் ஏமாற்றமே மிஞ்சும். இதை மாமியிடம் விளக்கிச் சொல்லுங்கள். கதை சொல்லிப் பிள்ளையின் கவனத்தை ஈர்த்துவைக்கும் வேலையையும் அவரிடமே ஒப்படையுங்கள்.

தசைநாணை இழுத்துவிடும்போது பாதத்தின் முன்பகுதியைப் பிடித்துத் தள்ளுவது பல வீடுகளில் நான் காணும் தவறு. முழங்கால் நேராக இருக்க, குதிகாலை உங்கள் உள்ளங்கையில் ஏந்தி, பிள்ளையின் உள்ளங்கால் உங்கள் முன்கையில் படியுமாறு வைத்து, மெதுவாக மேல்நோக்கிச் சாய்த்து 30 விநாடிகள் பிடியுங்கள். வலித்தால் தளர்த்துங்கள். மற்றவற்றை விளையாட்டாக்கிவிடலாம். சீமெந்துத் தரையில் சோக்கினால் பாதங்களை வரைந்து, தரையில் பரப்பிய தலையணைகளைத் தாண்டிவந்து அவற்றின்மேல் மிதிக்கச் சொல்லுங்கள். பலகைக்கட்டையில் அமர்ந்து எழும்பி எழும்பிப் பொம்மைக்குச் சோறூட்டச் செய்யுங்கள். ஸ்டெரோயிட் நாட்களில் இழுத்துவிடுதலை மட்டும் செய்துவிட்டு மற்றவற்றுக்கு ஓய்வு கொடுக்கலாமா என்று உங்கள் இயன்மருத்துவரிடம் கேளுங்கள். நான் பெரும்பாலும் அவ்வாறே சொல்வேன்.

முன்னேற்றத்தைச் சென்ற வாரத்தோடு ஒப்பிடாதீர்கள். ஒரு கொப்பியில், ஒவ்வொரு முறையும் மருந்து ஏற்றுவதற்கு முந்திய நாளில் கண்டதை மட்டும் எழுதி வாருங்கள்: தரையிலிருந்து எழும்பும்போது கைகளைத் தொடைகளில் ஊன்றுகிறாளா, வலது செருப்பின் நுனி இன்னும் தேய்கிறதா, எத்தனை படிகளைப் பிடிமானமின்றி இறங்கினாள். அந்த ஒரே நாளை மாதத்துக்கு மாதம் ஒப்பிட்டால்தான் உண்மை நிலை தெரியும். நிலை தொடர்ந்து கீழிறங்கினால் வைத்தியரிடம் அந்தக் கொப்பியைக் காட்டுங்கள். மருந்தின் அளவை மாற்றலாமா, பாதத்தைத் தாங்கும் பிளாஸ்டிக் அணை தேவையா என்பதை அவர்கள் முடிவு செய்வார்கள். அணை கொடுக்கப்பட்டால், கழற்றி அரை மணித்தியாலத்துக்குப் பின்னும் தோலில் சிவப்பு மாறாதிருக்கிறதா என்று பாருங்கள். வின்கிறிஸ்டீனால் தோலின் உணர்வு குறைந்த பிள்ளை, நோகிறது என்று சொல்லாமலே இருந்துவிடக்கூடும்.

ஒவ்வொரு கிளினிக் நாளிலும் குருதி உறைய உதவும் குருதிச் சிறுதட்டுகளின் எண்ணிக்கையைக் கேட்டறியுங்கள். அது குறைவாக உள்ள நாட்களில் குதித்தலும் வலுவாக இழுத்துவிடுதலும் கூடாது. புதிதாக முதுகுவலி வந்தாலோ, நடக்கவே மறுத்தாலோ, மலம் இறுகிப் பல நாள் போகாதிருந்தாலோ வைத்தியசாலைக்கு அறிவியுங்கள். காய்ச்சல் 38 பாகை செல்சியஸைத் தொட்டால், பனடோல் கொடுத்துக் காத்திருக்காமல் இரவென்றாலும் உடனே புறப்படுங்கள்.

முன்பள்ளிக்கு அனுப்புவதை நான் ஆதரிக்கிறேன். வீட்டில் எத்தனை விளையாட்டு அமைத்தாலும், ஒத்த வயதுப் பிள்ளைகளின் பின்னால் ஓட எடுக்கும் முயற்சிக்கு அது ஈடாகாது. எனினும் நாளைக் குறிப்பவர் உங்கள் விசேட வைத்திய நிபுணராகவே இருக்க வேண்டும். தொற்றை எதிர்க்கும் வெண்குருதிக் கலங்களின் எண்ணிக்கையை அறிந்தவர் அவர். சேர்ப்பதற்கு முன் ஆசிரியையைச் சந்தித்து, வகுப்பில் எந்தப் பிள்ளைக்காவது கொப்புளிப்பானோ சின்னமுத்தோ கண்டால் அன்றைய தினமே உங்களுக்குத் தொலைபேசியில் சொல்லுமாறு கேட்டுக்கொள்ளுங்கள். தகவல் கிடைத்ததும் மகளின் உடலில் கொப்புளம் தோன்றும்வரை பார்த்திராமல் வார்டுக்கு அறிவியுங்கள். தடுப்பதற்கான மருந்தை முதல் சில நாட்களுக்குள் கொடுத்தால்தான் நல்ல பலன் கிடைக்கும்.