அடுப்படிக் கேள்விகள்: கொண்டைக்கடலைத் தண்ணீரைக் கொட்டாதீர்கள்

கேள்வி: பரிசாக வந்த வீகன் (பால், முட்டை, தேன்கூடச் சேராத) சமையல் புத்தகத்தில் 96 குறிப்புகள். ஒன்று விடாமல் சமைப்பது என்று சபதம் எடுத்தேன். மூன்று வாரத்தில் ஏழுதான் முடிந்தது. முதல் அத்தியாயம் முழுக்க சூப். கிண்ணத்தைப் பார்த்தாலே வீட்டில் எழுந்து போகிறார்கள். நீங்கள் ஒரு புத்தகத்தையே முடித்தவர் ஆயிற்றே, வழி சொல்லுங்களேன்.

பதில்: முதலில் பக்க வரிசையை மறந்துவிடுங்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். ஒன்பதாவது சூப் அன்று என் கணவர், "இன்றைக்கும் ஸ்பூன்தானா?" என்றார். அன்று இரவே பென்சிலும் தாளுமாக உட்கார்ந்து, எல்லாவற்றையும் பொருள்வாரியாகப் பிரித்து எழுதினேன். முந்திரி ஊறவைத்தால் அந்த வாரமே சாஸ், கிரீம், சீஸ் மூன்றும் முடிந்துவிடும். கொண்டைக்கடலை வேகவைத்தால் சாலட், சாண்ட்விச்சுக்கு ஒரு விழுது, அப்புறம் அந்தத் தண்ணீர் (அடுத்த கேள்வியே அதுதான்).

பிடிக்காததைக் கடைசிக்குத் தள்ளாதீர்கள். 120 குறிப்புகளை முடிக்க எனக்கு 14 மாதம் ஆனது. கடைசியில் மிச்சமிருந்த பதினொன்றில் எட்டு டோஃபு (சோயா பாலில் செய்யும், பனீர் மாதிரியான கட்டி)! முதல் தடவை பிழியாமல் போட்டு, வாணலியில் சளசளவென்று ஆனதிலிருந்தே அதன்மேல் எனக்குக் கோபம். துணியில் சுற்றி மேலே கனமாக ஏதாவது வைத்து அரைமணி நேரம் விட்டால் நீர் வடிந்துவிடும். ஃப்ரீசரில் உறையவைத்து, இளகியபின் பிழிந்தால் இன்னும் நல்லது. உள்ளிருக்கும் நீர் பனிக்கட்டியாகும்போது சின்னச் சின்ன ஓட்டைகள் விழுகின்றன. மசாலாவை ஸ்பான்ஜ் மாதிரி உறிஞ்சிக்கொள்ளும். இது முதல் மாதமே தெரிந்திருந்தால் அந்த எட்டும் தேங்கியிருக்காது.

கேள்வி: முட்டைக்குப் பதில் கொண்டைக்கடலை வெந்த தண்ணீரை அடிக்கச் சொல்கிறது புத்தகம். 20 நிமிடம் அடித்தும் நுரை நிற்கவில்லை. ஏமாற்று வேலையா?

பதில்: இல்லை, நிஜம்தான். வேகும்போது கடலையிலிருந்து புரதமும் மாவுச்சத்தும் நீரில் இறங்குகின்றன. அவைதான் காற்றுக் குமிழிகளைப் பிடித்து நிறுத்துகின்றன. 2014இல் ஜோயல் ரோசெல் என்ற பிரெஞ்சுக்காரர் இந்த நுரையைப் பற்றி எழுதினார். மறு வருடம் இதற்கு 'அக்வாஃபாபா' என்று பெயர் வந்தது.

உங்கள் தண்ணீர் நீர்த்திருக்கும் என்பது என் ஊகம். டின்னில் வருவது கெட்டி. வீட்டில் வேகவைத்தது அப்படி இருக்காது. கடலையை எடுத்துவிட்டு, பச்சை முட்டை வெள்ளைக்கரு போல வழுவழுப்பாகும்வரை சுண்டவிடுங்கள். இனிப்புக்கு என்றால் உப்பே வேண்டாம். ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜில் இருக்கட்டும். பிளாஸ்டிக் கிண்ணம் கூடாது, அதில் எண்ணெய்ப் பிசுக்கு போகவே போகாது. ஸ்டீல் கிண்ணத்தை எலுமிச்சைத் துண்டால் துடைத்துக்கொண்டு, அதிலேயே நாலு சொட்டு பிழிந்து அடியுங்கள். முதல் இரண்டு நிமிடம் சோப்புத் தண்ணீர் மாதிரிதான் இருக்கும். ஐந்தாம் நிமிடம் வாக்கில் வெளுக்கும். அப்போது சர்க்கரையை ஒவ்வொரு ஸ்பூனாகச் சேர்க்கலாம். பீட்டர் கம்பியின் தடம் அழியாமல் நின்றால் சரி. நான் நான்காவது முறை கிண்ணத்தைத் தலைக்கு மேல் கவிழ்த்துப் பார்த்தேன், ஒரு சொட்டு விழவில்லை. மூன்றாவது முறையும் கவிழ்த்தேன், அந்தக் கதை வேண்டாம்.

கேள்வி: சைவம்தானே சாப்பிடுகிறோம், வீகன் ஆனால் தனியாக எதையாவது கவனிக்க வேண்டுமா?

பதில்: பால், தயிர், நெய், தேன் எல்லாம் போய்விடுகிறதே. முக்கியமாக வைட்டமின் பி12. அதை உண்டாக்குவது பாக்டீரியா. தாவர உணவில் நம்பும்படியான அளவில் கிடைக்காது. பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 2.4 மைக்ரோகிராம் போதும். கல்லீரலில் இருப்பு இருப்பதால் குறைபாடு உடனே தெரியாது, சில வருடம் கழித்துத் தலைகாட்டலாம். புத்தகத்தை முடித்துவிட்டுப் பழைய சாப்பாட்டுக்குத் திரும்புவதானால் கவலையில்லை. அப்படியே தொடர்வதானால் பி12 சேர்த்த சோயா பாலோ மாத்திரையோ வேண்டும். எவ்வளவு என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: காபியில் சோயா பால் திரிந்து போகிறது. பால் கெட்டுவிட்டதா?

பதில்: கெடவில்லை. காபியின் புளிப்பும் சூடும் சேர்ந்து சோயா புரதத்தைத் திரிக்கின்றன. பாலை லேசாகச் சுடவைத்து டம்ளரில் ஊற்றிக்கொண்டு, காபியை அதில் மெல்ல விடுங்கள். டிகாஷன் கொதிக்கக் கொதிக்க வேண்டாம், ஒரு நிமிடம் ஆறட்டும்.