இருட்டில் ஒளிரும் பெயிண்ட்: மில்லில் போட்டால் போச்சு

கேள்வி: சிறிய அளவில் பெயிண்ட் தயாரித்து விற்கிறேன். மாடிப்படி ஓரங்களுக்கு இருட்டில் ஒளிரும் பெயிண்ட் கேட்டு ஓர் ஆர்டர் வந்தது. ‘ரேடியம் பவுடர்’ வாங்கி, வெள்ளை எமல்ஷனில் 10 சதவீதம் சேர்த்து, பால் மில்லில் (இரும்புக் குண்டுகள் உருண்டு அரைக்கும் இயந்திரம்) நான்கு மணி நேரம் அரைத்தேன். சாம்பல் பூத்த நிறத்தில் வந்தது. ஐந்து நிமிடம்கூட ஒளி நிற்கவில்லை. ஒரு வாரத்தில் டப்பாவின் அடியில் கல் மாதிரி இறுகிவிட்டது. எங்கே தவறு?

பதில்: பவுடர் அநேகமாக நல்ல பவுடராகத்தான் இருந்திருக்கும், மில்லுக்குள் போகும்வரை.

முதலில் அந்தப் பெயர். நீங்கள் வாங்கியதில் ரேடியம் கிடையாது. பழைய கைக்கடிகார முள்ளில் பூசிய கதிரியக்கச் சரக்கின் பெயர் நம் ஊரில் ஒட்டிக்கொண்டு, வண்டியில் ஒட்டும் பிரதிபலிப்பு ஸ்டிக்கர்வரை எல்லாமே ரேடியம் ஆகிவிட்டது. இன்று நீண்ட நேரம் ஒளிர்வதற்காக விற்பது பெரும்பாலும் ஸ்ட்ரான்ஷியம் அலுமினேட். அதில் துளி யூரோப்பியமும் டிஸ்ப்ரோசியமும் கலந்திருக்கும். வெளிச்சத்தை வாங்கி வைத்துக்கொண்டு, இருட்டில் பச்சையாக மெல்ல விடும். 1990களில் ஜப்பானில் வந்த சரக்கு இது. அதற்கு முன் இருந்த ஜிங்க் சல்பைடு சீக்கிரமே மங்கிவிடும்.

சரி, விஷயத்துக்கு வருவோம். பெயிண்ட் அடிப்பரப்பை நன்றாக மறைக்க வேண்டும், பவுடர் நைசாக அரைபட வேண்டும் என்றுதான் நமக்குத் தொழில் சொல்லிக்கொடுத்திருக்கிறது. இங்கே இரண்டுமே ஆகாது. வெளிச்சம் பூச்சுக்குள் போகவும் வேண்டும், திரும்பி வெளியே வரவும் வேண்டும். உங்கள் எமல்ஷனில் உள்ள வெள்ளை நிறமியான டைட்டானியம் டை ஆக்சைடு, பவுடருக்குச் சார்ஜ் ஏற்றும் புற ஊதாக் கதிரை விழுங்கிவிடும், வெளியே வரும் ஒளியையும் தடுக்கும். வெள்ளை வேண்டும்தான், ஆனால் கலவைக்குள் அல்ல, அடியில். சுத்தமான வெள்ளை பிரைமர் அடித்து, அதன் மேல் தெளிவான பைண்டரில் (பவுடரைப் பிடித்து ஒட்டவைக்கும் பிசினில்) இந்தப் பவுடர். கீழே போகும் ஒளியை அந்த வெள்ளை மேலே தள்ளிவிடும்.

அரைத்ததுதான் பெரிய சேதம். இந்தத் துகள்கள் கடினமானவை, இரும்பையே சுரண்டிவிடும். நீங்கள் பார்த்த சாம்பல் நிறம் மில்லின் இரும்பு. துகள் உடைந்தால் ஒளியும் குறையும். எமல்ஷனில் தண்ணீர் வேறு இருக்கிறது. பூச்சுப் போடாத ஸ்ட்ரான்ஷியம் அலுமினேட்டைத் தண்ணீர் சிதைத்து, காரத்தன்மை ஏற்றி, கட்டியாக்கிவிடும். தண்ணீர் தாங்கும் ரகம் என்றால் துகளின் மேல் மெல்லிய காப்புப் பூச்சு இருக்கும்; மில் அதையும் உரித்திருக்கும். வீட்டிலேயே பார்க்கலாம்: ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் பவுடர் போட்டு இரவு முழுவதும் வையுங்கள். காலையில் அந்தத் தண்ணீரை மஞ்சள் தூளில் சொட்டினால் குங்குமமாகச் சிவக்கிறதா, அடியில் பவுடர் இறுகியிருக்கிறதா? அப்படியென்றால் அது எமல்ஷனுக்கு ஆகாது.

இந்த ஆர்டருக்குத் தின்னரில் கரையும் தெளிவான அக்ரிலிக் பைண்டரோ பியூ (பாலியூரித்தேன்) பைண்டரோ எடுங்கள். ஒரு கிலோவுக்கு 650 கிராம் பைண்டர், 300 கிராம் பவுடர், 8 கிராம் ஏரோசில் (பெயிண்டைக் கெட்டியாக்கும் மிக நுண்ணிய சிலிகாத் தூள்), மீதி தின்னர். ஏரோசிலை முதலில் பைண்டரில் வேகமாக அடித்துச் சேர்த்துவிடுங்கள். பவுடரின் அடர்த்தி தண்ணீரைப் போல மூன்றரை மடங்குக்கு மேல் என்பதால், அதைத் தாங்கிப் பிடிக்க இது வேண்டும். அப்புறம் பவுடரைக் கொட்டி, மரக் கரண்டியாலோ பிளாஸ்டிக் துடுப்பாலோ நிதானமாகக் கலக்கினால் போதும். மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள். கலருக்காக ஸ்டெய்னர் விடாதீர்கள். ‘வெயில் தாங்கும்’ என்று விற்கும் வார்னிஷை மேலே அடிக்காதீர்கள். அது புற ஊதாவைத் தடுக்கவே செய்யப்பட்டது.

அடுத்தது கனம். காய்ந்த பூச்சு 250 மைக்ரானாவது, அதாவது கால் மில்லிமீட்டராவது, இருக்க வேண்டும். மேலே சொன்ன கலவையில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 700 கிராம் போகும். ஒரு மீட்டர் அகலப் படியில் 5 சென்டிமீட்டர் பட்டை என்றால், 20 படிக்கு அந்த 700 கிராம். இரண்டு மூன்று கோட்டாகப் போடுங்கள். விலை சொல்லும் முன் இதைக் கணக்குப் போடுங்கள். சாதாரண பெயிண்ட் பரப்பளவை நினைத்துக் கொட்டேஷன் கொடுத்தால் கையைக் கடிக்கும்.

ஒரு அட்டையில் பூசிக் காயவைத்து, பக்கத்தில் வெறும் பவுடரையும் வைத்து, அரை மணி நேரம் டியூப்லைட் காட்டி, இருட்டறையில் பாருங்கள். கண் பழகப் பத்து நிமிடம் விடுங்கள். போன் கேமராவை நம்ப வேண்டாம். பவுடர் நன்றாக ஒளிர்ந்து அட்டை மங்கினால் கோளாறு கலவையில். இரண்டுமே மங்கினால் கடைக்காரரிடம் போங்கள்.

தீ விபத்தில் வெளியேறும் வழிக்கு என்று கேட்டால், கையில் கலந்ததைக் கொடுக்காதீர்கள். அதற்கு ஐஎஸ்ஓ 17398 மாதிரி தரப்படி ஆய்வகத்தில் சோதித்த சரக்குதான் வேண்டும்.

டப்பாவை அனுப்பும் முன் வாடிக்கையாளரிடம் ஒன்று கேட்டுவிடுங்கள்: அந்த மாடிப்படியில் என்ன விளக்கு? வெள்ளை எல்இடி தொடர்ந்து எரிந்தால் கவலையில்லை. மஞ்சள் சோடியம் விளக்கிலோ, ஆள் வந்தால் மட்டும் அரை நிமிடம் எரியும் சென்சார் விளக்கிலோ இந்தப் பெயிண்டுக்குச் சார்ஜ் ஏறாது.